சரிபாதி

உடன்பிறப்பு ஒப்பீட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்த இரண்டாம் ஆண்டில், நல்ல பெயர் எடுத்தவர்கள் தெருவிளக்குகளை உடைக்கத் தொடங்கினார்கள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு வங்கி மேலாளர், ஓய்வு பெறும் வயதில் இருந்தவர், பட்டப்பகலில் காவல் நிலையத்தின் எதிரே நின்று வாசல் விளக்கின் மீது கல்லெறிந்தார். முதல் கல் தவறியது. அடுத்ததும் தவறியது. வாசலில் நின்ற காவலர், "சார், கொஞ்சம் கிட்ட வந்து எறிங்க" என்றார். அவருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. மேலாளரின் தம்பி ஒரு கொலை வழக்கில் குற்றவாளி. மறுவாரம் தண்டனை விசாரணை.

சட்டத்தின் நோக்கம் நல்லதுதான். குற்றம் உறுதியானவர்களில் பலர் "நான் வளர்ந்த விதம் அப்படி" என்று சொல்லித் தண்டனையைக் குறைக்கக் கேட்டார்கள். அது உண்மையா, சாக்கா என்று தெரியாமல் நீதிபதிகள் திணறிக்கொண்டிருந்தபோது ஒப்பளவி என்ற கருவி வந்தது. ஒரே வீட்டில் வளர்ந்த இருவரின் மூளையில் படிந்திருக்கும் சிறுவயதை அது அருகருகே வைத்துப் பார்க்கும். எந்த அளவுக்கு ஒன்றுபோல இருக்கிறது என்று நூற்றுக்கு ஓர் எண் சொல்லும். எண் எண்பதைத் தாண்டி, கூடப்பிறந்தவர் ஒரு குற்றமும் செய்யாதவராகவும் இருந்தால், வளர்ப்பைக் காரணமாகக் காட்ட முடியாது. சலுகை இல்லை. முழுத் தண்டனை.

ஆக, ஒருவருடைய ஒழுக்கம் அவர் கூடப்பிறந்தவருக்கு எதிரான சாட்சியாயிற்று. கல்லெறிந்தவர்கள் தங்கள் ஒழுக்கத்தைத்தான் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அரசு விழித்துக்கொண்டு, விசாரணைக்கு முந்தைய ஓராண்டில் செய்த குற்றம் எதுவும் கணக்கில் வராது என்று திருத்தம் கொண்டுவந்தது. விளக்குகள் தப்பின. ஆனால் வீடுகளுக்குள் வேறொன்று பரவியது. இரண்டாவது குழந்தை பிறந்ததும் மூத்ததை அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒன்றைத் தமிழ்ப் பள்ளியிலும் மற்றதை வேறு பள்ளியிலும் சேர்த்தார்கள். பிள்ளைகளை ஒன்றுபோல வளர்ப்பது விவரமில்லாதவர்கள் செய்கிற காரியம் என்று ஆகிவிட்டது.

தூத்துக்குடியில் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்து இரண்டு மகள்களை வளர்த்த ரோசலினுக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. கணவர் கப்பலில் போனவர்; ஒரு கட்டத்துக்குப் பிறகு வரவே இல்லை. தனி ஆளாக வளர்த்தாள். மகள்களுக்கு வயதில் ஒரு வருட வித்தியாசம்தான். ஒரே துணியில் இரண்டு கவுன். தின்ன ஒரு மக்ரூன் கிடைத்தாலும் கத்தி வைத்துச் சரிபாதி. "எம் பிள்ளையளுக்கு நான் எதுலயும் குறை வச்சதில்ல, கூடவும் வச்சதில்ல" என்பதை அவள் கோயிலில் சொல்வாள், சந்தையில் சொல்வாள், யாரும் கேட்காதபோதும் சொல்வாள்.

மூத்தவள் ஜெர்லின் அரசு மருத்துவமனை ஒன்றில் டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர். இளையவள் ஆன்சிட்டா, கடற்கரைச் சாலையில் ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில் ஷிஃப்ட் மேற்பார்வையாளர். அந்த ஆலையின் குளிரூட்டும் குழாய்களில் அம்மோனியா ஓடியது. வாயு கசிந்தால் ஒலிக்கும் எச்சரிக்கை மணி, கசியாதபோதும் ஒலித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் எல்லோரும் வெளியே ஓடி, திரும்பி வந்து, கையுறை மாட்டி, மறுபடி உட்கார வேண்டியிருந்தது. கப்பலேற வேண்டிய சரக்கு காத்திருந்தது. ஆன்சிட்டா மணியை அணைத்துவிட்டாள். அணைத்ததை யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரக் கடைசியில் குழாய் உண்மையாகவே வெடித்தபோது, உள்ளே இறால் உரித்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள் கதவு வரை வந்து விழுந்தார்கள்.

குற்றம் உறுதியாகிவிட்டது. தண்டனையின் அளவு மட்டும் பாக்கி. வளர்ப்புச் சலுகை கிடைத்தால் ஐந்து ஆண்டு. கிடைக்காவிட்டால் பதினான்கு.

அப்பா இல்லாத வீடு, அடித்து வளர்த்த தாய் என்று சொல்லித்தான் ஆன்சிட்டாவின் வழக்கறிஞர் பாலசரவணன் சலுகை கேட்டிருந்தார். நீதிமன்றம் உடனே ஜெர்லினை ஒப்புச் சாட்சியாக அழைத்தது. அதே அப்பா இல்லாத வீடு. அதே தாய். ஜெர்லின் மீது ஒரு போக்குவரத்து அபராதம்கூடக் கிடையாது.

"கொஞ்சம் கெட்டவங்களா இருந்திருக்கலாம் மேடம் நீங்க" என்றார் பாலசரவணன், தன் அலுவலகத்தில் தாயும் மகளும் வந்து உட்கார்ந்ததும். "என் கட்சிக்காரங்க அக்கா தங்கச்சில இப்பிடி ஒரு சுத்தமான ஆள நான் பாத்ததே இல்ல. எரிச்சலா இருக்கு."

ரோசலின் சிரிக்கவில்லை. "இப்ப என்ன செய்யணுங்கிய?"

"ஒரு வழி இருக்கு. கல்லெறியுற வழிய அடைச்சுட்டாங்க. ஆனா ஒண்ண அடைக்க முடியல." அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "எண் வந்த பிறகு, ஒப்புச் சாட்சி கருவிக்கு முன்னால உக்காந்து வாயால ஒரு வாக்குமூலம் குடுக்கணும். சொல்றவங்க தான் நம்பாத ஒண்ணச் சொன்னா, சிவப்பு விளக்கு எரியும். நம்பிச் சொன்னா பச்சை. இப்ப யோசிங்க. அந்த நாற்காலியிலயே ஒருத்தர் பொய் சொன்னா, அவரு பொய்ச் சாட்சி. பொய்ச் சாட்சிய வச்சு இன்னொருத்தர அளக்க முடியுமா? முடியாது. ஒப்பீடே ரத்து."

"ஆன்சிக்கு?"

"அஞ்சு வருசம்."

"எனக்கு?" என்று ஜெர்லின் கேட்டாள்.

வழக்கறிஞர் மேசையில் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். "ஆறு மாசம். நர்சு பதிவு போயிரும். திரும்பக் கிடைக்காது. மறைக்க விரும்பல."

"என்ன பொய் சொல்லணும்?"

"ரொம்பச் சின்னது. 'எங்க ரெண்டு பேரையும் அம்மா ஒரே மாதிரி வளக்கல.' அவ்வளவுதான். அது பொய்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கருவிக்கும் தெரியும். விளக்கு எரிஞ்சுரும்."

ரோசலின் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இவ அப்பிடிச் சொல்லுவாளா? ஊருக்கு முன்னால? நான் ஓரவஞ்சனை பண்ணுனேன்னு?"

"அம்மா, அது பொய்னு கருவியே சொல்லிருமே. ஊருக்கு முன்னால சிவப்பா எரியும். நீங்க சமமா வளத்தீங்கன்னு அரசாங்கமே எழுதிக் குடுத்த மாதிரி."

அவள் அதை யோசித்தாள். முகம் மெல்ல இளகியது. "அப்பம்னா சரி" என்றாள். பிறகு மகளைப் பார்த்தாள். "பதினாலு வருசத்த ஒருத்தி எப்பிடிட்டி சுமப்பா? அவ வரும்போது நான் இருக்க மாட்டேன். நீ கொஞ்சம் வாங்கிக்கிட்டா அவளுக்குக் கொறையும்லா?"

ஜெர்லின் தலையசைத்தாள். அவள் அதிகம் யோசிக்கவில்லை என்பதுதான் உண்மை. மருத்துவமனையிலும் அவள் அப்படித்தான். பக்கத்து வரிசைச் செவிலியரின் கருவி ஒலித்தாலும் முதலில் எழுந்து போகிறவள் அவள்தான். "உங்க பேஷண்ட் இல்லயே சிஸ்டர்" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்காருவாள்.

அந்த வாரம் சிறைக்குப் போய்த் தங்கையைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆன்சிட்டா கொஞ்சம் சதை போட்டிருந்தாள்.

"என்னக்கா, வெள்ளை உடுப்போடயே வந்துட்ட? இங்க உள்ளவளுவ எனக்கு ஊசி போட வந்திருக்கன்னு நினைக்கப் போறாளுவ."

"டூட்டி முடிஞ்சு நேரா வாரேன். சாப்பாடு எப்பிடி இருக்கு?"

"அம்மா வைக்கிற சாம்பாரவிடத் தேவல. அவகிட்டச் சொல்லிராத." சிரித்தாள். எப்போதும் அவளிடம் இருக்கும் சிரிப்பு. ஆலையில் அவளுக்குக் கீழே வேலை செய்த பெண்கள் அவளை விரும்பியிருந்தார்கள், செத்துப்போனவர்களும்.

"வக்கீல் சொன்னாரா?" என்றாள் ஜெர்லின்.

"சொன்னாரு. ஆறு மாசம்தானக்கா. நீ இங்கயே வந்தாலும் வந்துருவ. ஒண்ணா இருக்கலாம்." பிறகு குரலைத் தணித்தாள். "சங்கடமாத்தான் இருக்கு. ஆனா நான் ஒருத்தியா இதப் பண்ணேன்? நீயே சொல்லு. அந்த மணி சரியில்லன்னு மேனேஜருக்குத் தெரியும். ரிப்பேர் பண்ண வரேன்னவன் வரல. கப்பல் போயிரும்னு மேல இருந்து கத்துனாவ. எல்லாருக்கும்தான் பங்கு இருக்கு. எல்லாத்தையும் எந்தலைல கட்டுனா எப்பிடி?"

அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும் ஜெர்லின், கேட்க நினைக்காத ஒன்றைக் கேட்டாள். "நீ அணைச்சத ஒரு வார்த்தை அந்தப் பொம்பளையளுக்குச் சொல்லிருக்கலாம்லா? மணி அடிக்காது, நீங்களே பாத்துக்கிடுங்கன்னு."

ஆன்சிட்டா அக்காவைப் பார்த்தாள். கோபமில்லை, புரியாமைதான் இருந்தது. "யாராவது பாத்துக்கிடுவாவன்னு நினைச்சேன்" என்றாள்.

ஒப்பீட்டு மையம் பழைய துறைமுகத்துக்குப் போகும் வழியில், மஞ்சள் பூச்சுப் பூசிய இரண்டு மாடிக் கட்டடம். காலையில் அளவை, பிற்பகலில் வாக்குமூலம் என்று ஒரே நாளில் வைத்திருந்தார்கள். சகோதரிகளை அடுத்தடுத்த அறைகளில் உட்காரவைத்துத் தலையில் மெல்லிய வலை போன்ற ஒன்றை மாட்டினார்கள். ஒப்பீட்டு அலுவலர் இளவேனில் மதுரைக்காரப் பெண்மணி, முப்பத்தைந்து வயதிருக்கும், கையில் ஆறிப்போன காப்பியோடு நடமாடிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம் மேடம்" என்றார். "உங்க அம்மாகிட்டக் கேட்டு, அந்த வீட்டுச் சத்தம், வாசனை எல்லாம் சேர்த்து வச்சிருக்கோம். ஒவ்வொண்ணா வரும். சும்மா இருங்க. அது பாட்டுக்கு உள்ள போய்த் தேடிக்கும்."

முதலில் தையல் மிஷின் ஓடும் சத்தம் வந்தது. பிறகு புதுச் சீருடைத் துணியின் கஞ்சி வாசனை. மழையில் தகரக் கூரை. கோயில் மணி. சுடுகஞ்சியும் கருவாடும். ஜெர்லின் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் உடம்பில் எங்கோ ஒன்று அசைந்து அடங்கியது.

பிறகு மரத்தின் மீது மரம் தட்டும் சத்தம் ஒன்று. துணி அளக்கும் நீள ஸ்கேலை அம்மா மேசை விளிம்பில் தட்டும் சத்தம். அடி விழப்போவதற்கு அடையாளம்.

ஜெர்லினின் கைகள் தாமாக மூடிக்கொண்டன.

ரோசலினின் வீட்டில் அடிக்கும் ஒரு முறை இருந்தது. யார் தப்பு செய்தாலும் இரண்டு பேரையும் வரிசையாக நிறுத்துவாள். நான்கு அடி என்றால் உள்ளங்கையில் ஆளுக்கு இரண்டு. அதற்கு அவளிடம் காரணம் இருந்தது. அவள் சின்ன வயதில் அடி வாங்கும்போதெல்லாம் அவளுடைய அண்ணன் கதவோரம் நின்று மாங்காய் தின்றுகொண்டு பார்ப்பானாம். "அடியவிட அவன் பாக்குறதுதான் வலிக்கும். என் வீட்டுல ஒருத்தி அடி வாங்க இன்னொருத்தி வேடிக்கை பாக்கக் கூடாது" என்பாள். ஒருமுறை ஆன்சிட்டா, தைத்து முடித்து மடித்து வைத்திருந்த யாரோ ஒரு பிள்ளையின் சட்டைக் கையை வெட்டிப் பொம்மைக்குப் பாவாடை செய்தாள். அழகான பாவாடை. அன்றைக்கும் ஆளுக்குச் சரிபாதி. இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து ஒன்றாக அழுதார்கள். மறுநாளிலிருந்து கத்தரிக்கோலை ஒளித்து வைக்கும் வேலை ஜெர்லினுடையதாயிற்று. அதை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை.

இளவேனில் வலையைக் கழற்றிவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். நீலத்தில் ஒரு கோடு, ஆரஞ்சில் ஒரு கோடு. பெரும்பாலான இடங்களில் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியே ஓடின.

"தொண்ணூத்தி நாலு" என்றார். "இரட்டைப் பிள்ளைங்களுக்குக்கூட நான் இவ்வளவு பாத்ததில்ல. உங்க அம்மாவப் பாராட்டணும்."

"இந்த உயரமா இருக்கிற இடம் எது?"

"அந்த ஸ்கேல் சத்தம். பாருங்க, ஒரு நூல்கூட விலகல. அடி, வலி, பயம், அழுகை. ஒண்ணு மேல ஒண்ணு அப்பிடியே படியுது."

ஜெர்லின் அந்த உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவ செஞ்சதுக்கு அவளுக்கு விழுந்துச்சு" என்றாள். "எனக்கும் அவ செஞ்சதுக்குத்தான் விழுந்துச்சு. ரெண்டும் எப்பிடி ஒண்ணாகும்?"

இளவேனில் காப்பியைக் கீழே வைத்தார். இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "எதுக்கு விழுந்துச்சுன்னு இது பாக்காது மேடம். என்ன கிடைச்சதுன்னுதான் பாக்கும். ரெண்டு பேருக்கும் கிடைச்சது ஒண்ணுதான்."

"அப்பிடியா" என்றாள் ஜெர்லின்.

இடைவேளையில் மையத்தின் எதிரே இருந்த டீக்கடைக்குப் போனாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் அவளைக் கண்டு நகர்ந்து இடம் விட்டார். நீதிமன்றத்தில் பார்த்த முகம். ஆலையில் செத்துப்போன மூவரில் ஒருத்தியான முத்துமாரியின் கணவர் சண்முகக்கனி. உப்பளத்தில் லாரி ஓட்டுகிறவர்.

"உக்காருங்க. நீங்க ஒண்ணும் செய்யலியே" என்றார். அவளுக்கும் ஒரு டீ சொன்னார்.

டீ வந்ததும் அவளிடம் நீட்டிவிட்டுச் சாலைப் பக்கம் திரும்பினார்.

"எம் பொண்டாட்டிக்கு ஒரு தங்கச்சி இருக்கா" என்றார் சண்முகக்கனி. "அதே ஆலைதான். அதே டேபிள்தான். அன்னைக்குக் காய்ச்சல்னு லீவு. ஒரே வயித்துல பொறந்து ஒரே வீட்டுல வளந்தாளுவ. ஒருத்தி செத்துட்டா, ஒருத்தி இருக்கா. அவ என் வீட்டுக்கு வந்து சுவரப் பாத்து உக்காந்திருக்கா, என்னமோ அவதான் தப்பு பண்ணுன மாதிரி. இதுக்கு உங்க மிசினு என்ன நம்பரு சொல்லும்?"

ஜெர்லின் டம்ளரைப் பெஞ்சில் வைத்தாள்.

"நீங்க உள்ள போயி பொய் சொல்லப் போறீயன்னு பேசிக்கிடுதாவ" என்றார், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எனக்கு ஒரு தம்பி இருந்து, அவன் மாட்டியிருந்தா, நானும் சொல்லியிருப்பனோ என்னமோ. அதனால உங்கள ஏச மாட்டேன். ஆனா ஒண்ணு. முத்துமாரிக்குப் பதிலா பாதி சாவ யாரும் வாங்கிக்கிட முடியல. அவ முழுசாத்தான் செத்தா."

டீக்குக் காசு கொடுக்க அவர் விடவில்லை.

பிற்பகல் கூடத்தில் ரோசலின் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். திருவிழாவுக்குக் கட்டும் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். பக்கத்தில் பாலசரவணன். மறுபுறம் இரண்டு பெண் காவலர்களுக்கு நடுவே ஆன்சிட்டா. அக்காவைப் பார்த்து லேசாகப் புருவத்தை உயர்த்தினாள். பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு முன் செய்வது போல. பின் வரிசைகளில் இறந்தவர்களின் குடும்பங்கள். நடுவே மேடையில் நாற்காலி, அதில் ஜெர்லின், அவள் தலைக்கு மேல் விளக்கு. சுவரில் இருந்த பெரிய திரையில் நீதிபதி.

இளவேனில் எண்ணைப் படித்தார். தொண்ணூற்று நான்கு என்றதும் ரோசலின் பின்னால் திரும்பி எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள்.

"ஒப்புச் சாட்சி இந்த எண்ணை ஏற்கிறாரா, மறுக்கிறாரா?" என்று இளவேனில் கேட்டார்.

"மறுக்குதேன்" என்றாள் ஜெர்லின்.

"உங்கள் வாக்குமூலத்தைச் சொல்லுங்கள்."

ஒரே ஒரு வாக்கியம். ஒரு வாரமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தது. அது பொய் என்பதில் அவளுக்கு அந்த வாரம் முழுக்கச் சந்தேகமே இருந்ததில்லை.

"எங்க ரெண்டு பேரையும் அம்மா ஒரே மாதிரி வளக்கல."

விளக்கு எரிந்தது. பச்சை.

பாலசரவணன் பாதி எழுந்து இளவேனிலைப் பார்த்தார். "மேடம், கருவியச் சரிபாக்கணும்."

இளவேனில் கருவியின் திரையைப் பார்த்தார். "கருவி சரியா இருக்கு. வேணும்னா இன்னொரு தடவ சொல்லட்டும்."

ஜெர்லின் தலையைத் தூக்கி விளக்கைப் பார்த்தாள். மறுபடி சொன்னாள், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. சொல்லும்போதே அது பொய்யில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பச்சை அப்படியே நின்றது.

"அப்ப அவங்க சொல்றது உண்மை!" பாலசரவணன் விடவில்லை. "ஒரே மாதிரி வளரலன்னு சாட்சியே உண்மையாச் சொல்றாங்க. அப்ப சலுகை குடுக்கணும்ல?"

"சாட்சி அப்பிடி நம்புறாங்கன்னுதான் பச்சை சொல்லுது. நம்புறது வேற, அளவு வேற. சட்டம் எண்ணைத்தான் பாக்கும்" என்றார் இளவேனில். குரலில் கடுமை இல்லை. "அவங்க பொய் சொல்லியிருந்தா ஒப்பீடு ரத்தாயிருக்கும். பொய் சொல்லல. எண் நிக்குது."

பாலசரவணன் உட்கார்ந்தார். பல வழக்குகளில் அவர் சாட்சிகளை உண்மை சொல்ல வைக்கத் தவறியிருக்கிறார். ஒரு பொய்யைச் சொல்ல வைக்க முடியாமல் தோற்றது இதுதான் முதல் தடவை.

எழுந்து நின்றது ரோசலின். பட்டுச்சேலையின் முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். "என்னட்டி சொல்லுத?" என்றாள். "மிசினு என்ன பச்சைங்குது? நான் எதுல குறை வச்சேன் உனக்கு? எதுல கூட வச்சேன் அவளுக்கு? சொல்லு. இத்தன பேரு இருக்காவ, சொல்லு."

"அம்மா, உக்காருங்க" என்று காவலர் ஒருவர் அருகில் வந்தார். இளவேனில் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

"குறை வைக்கலம்மா" என்றாள் ஜெர்லின் நாற்காலியில் இருந்தபடியே. "சமமாத்தான் பிரிச்சீங்க. நீங்க குடுத்த பாதி என்னுது இல்லல்லா."

ரோசலினுக்கு முதலில் புரியவில்லை. எந்தப் பாதி என்று கேட்கப்போகிறவள் போல வாய் திறந்தது. பிறகு அவள் கண் மகளின் முகத்திலிருந்து மடியில் மூடிக் கிடந்த கைகளுக்கு இறங்கியது. அங்கேயே நின்றது. அவள் மெல்ல உட்கார்ந்தாள்.

அவளுடைய தலைக்கு மேல் விளக்கு இல்லை. அவள் நினைத்தது என்ன என்று யாருக்கும் தெரியாது.

தண்டனையை நீதிபதி திரை வழியாகவே அறிவித்தார். பதினான்கு ஆண்டு. பின் வரிசையில் யாரோ ஒரு பெண் விசும்பினாள். சண்முகக்கனி எழுந்து வெளியே போனார். ஜெர்லின் மீது எந்தக் குற்றமும் இல்லை. மறுநாள் காலை டூட்டிக்குப் போகலாம்.

ஆன்சிட்டாவை வெளியே அழைத்துப் போகும் நடைபாதையில் உறவினர்கள் நிற்க அனுமதி உண்டு. ரோசலின் கூடத்திலேயே இருந்துவிட்டாள். ஜெர்லின் மட்டும் போய்ச் சுவரோரம் நின்றாள். காவலர்கள் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஆன்சிட்டா அக்காவின் முன்னால் நின்றாள். திட்டுவாள் என்று ஜெர்லின் எதிர்பார்த்தாள். அதற்குத் தயாராகத்தான் இருந்தாள்.

ஆன்சிட்டாவின் முகத்தில் கோபம் இல்லை. ஏதோ கணக்கு எங்கோ உதைக்கிறது என்பது போன்ற குழப்பம்தான் இருந்தது. விவரம் தெரிந்தவளிடம் கேட்பது போலக் கேட்டாள்.

"முழுசும் எனக்கா, அக்கா?"

ஜெர்லின் கையை நீட்டினாள். காவலர் தடுக்கவில்லை. தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாட்டி."

ஆன்சிட்டா அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே அழுகை வருகிறதா என்று தேடுவது போல. ஜெர்லின் அழவில்லை. அப்போது ஆன்சிட்டாவின் உதடு கோணியது. அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அந்த நடைபாதையில் அது தாழ்வாக, கரகரப்பாக, யாரோ முன்பின் தெரியாதவரின் குரல் போலக் கேட்டது. சிறுவயதில் எப்போதும் இருவரும் சேர்ந்தே அழுதவர்கள். தங்கையின் அழுகை தனியாக எப்படி இருக்கும் என்று ஜெர்லினுக்கு அதுவரை தெரியாது.